வேலிக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம்?



கடந்த ஞாயிறு திருப்பலி முடிந்து நீங்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், கோவில் வாசலில் வைத்து ஒரு மனு என் கையில் தரப்பட்டது. நம்மவர் பலர் வீடு வாங்கிக் குடியேறியிருக்கும் புறநகர் ஒன்றில், மெற்றோ நிலையத்திலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில், ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்று கட்டுவதற்கு அனுமதி கேட்கப்பட்டிருக்கிறது. அதைத் தடுக்க வேண்டும் என்பதே மனு. ஏற்கனவே நாற்பதுக்கும் மேற்பட்ட கையொப்பங்கள் இருந்தன. அவற்றுள் சிலவற்றை நான் திருமணப் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன். என்னையும் ஒப்பமிடச் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு வாசலில் ஒரு மேசை போட்டு மற்றவர்களிடமும் ஒப்பம் வாங்க அனுமதி கேட்டார்கள். இரண்டுக்கும் மறுத்துவிட்டேன்.

அந்தச் செய்தி மாலைக்குள் வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றிவிட்டது. "ஃபாதர் எங்கட சனத்துக்கு எதிராய் நிக்கிறார்" என்று ஒருவர் எழுதியதை இன்னொருவர் எனக்கே அனுப்பிவைத்தார். ஆகவே வாயால் சொன்னதை எழுத்திலும் சொல்லிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். என் மறையுரைகளைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு இது பெரிய காரியமல்ல.

மனுவில் மூன்று காரணங்கள் கூறப்பட்டிருந்தன. வாகனம் நிறுத்த இடம் போதாது என்பது ஒன்று. வீடுகளின் விலை விழும் என்பது மற்றொன்று. மூன்றாவதாக, "எமது அமைதியான பகுதி இன்னொரு பார்க் எக்ஸ்ரென்சனாக மாறிவிடும்" என்று எழுதியிருந்தது. முதலிரண்டையும் பற்றிப் பேசலாம். இந்த மூன்றாவது வரியை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

பார்க் எக்ஸ்ரென்சன் யாருடைய இடம்? ஏறத்தாழ ஒன்றரைச் சதுர கிலோமீற்றர் பரப்புக்குள் 30 ஆயிரம் பேர் அளவில் வாழும் அந்த இடத்திற்கு முதலில் கிரேக்கர் வந்தார்கள், பிறகு நாம் வந்தோம். 1983க்குப் பின் கையில் ஒரு பையோடு வந்து இறங்கியவர்களுக்கு அங்கேதான் கதவு திறந்தது. முதல் வேலையைச் சொல்லித் தந்தவர் மாடிப்படியில் சந்தித்த அயலவர். பிரெஞ்சு வகுப்பு நடைதூரத்தில் இருந்தது. மரக்கறிக் கடையில் கடனுக்குத் தந்தார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எதிர்வீட்டு அம்மா இருந்தார். இவையெல்லாம் கிடைத்தது அங்கே வாழ்ந்தவர்கள் ஏனையோரைவிட நல்லவர்கள் என்பதால் மட்டுமல்ல. மக்கள் நெருங்கி வாழ்ந்ததால். காருக்கு வழியில்லாதவன் கால்நடையாகவே வாழ்க்கையைத் தொடங்கக்கூடிய இடமாக அது இருந்தது.

துன்பமும் இருந்தது, அதை நான் மறக்கவில்லை. கரப்பான் பூச்சி இருந்தது. ஜனவரியில் வெப்பமூட்டி நின்றுபோகும், வீட்டுக்காரன் தொலைபேசியை எடுக்கமாட்டான். இரண்டு அறைகளில் எட்டுப்பேர் முறைவைத்துப் படுத்த வீடுகளை நான் மந்திரித்திருக்கிறேன். ஆனால் அந்தத் துன்பங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். பூச்சியும் குளிரும் பராமரிப்பில்லாததால் வந்தவை. எட்டுப்பேர் படுத்தது வாடகை கட்டப் பணமில்லாததால். எதுவும் அயலில் நிறையப்பேர் வாழ்ந்ததால் வந்த குற்றமன்று.

இங்கேதான் நம்முடைய எண்ணத்தில் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. செறிவு வேறு, நெரிசல் வேறு. ஒரு நிலப்பரப்பில் எத்தனை வீடுகள் என்பது செறிவு. ஓர் அறையில் எத்தனைபேர் என்பது நெரிசல். நகரங்களைப் பற்றி எழுதியவர்களில் முதன்மையானவரான ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையார் 1961இல் வெளியிட்ட தமது நூலில் இந்த வேறுபாட்டை வலியுறுத்தினார். 1968இல் அவர் ரொறன்ரோவுக்கே குடிவந்துவிட்டார். வீடுகள் போதாத இடத்தில்தான் நெரிசல் உண்டாகிறது. ஆறு மாடி வேண்டாம் என்று நீங்கள் தடுத்தால் அந்த எட்டுப்பேர் காணாமற் போய்விடமாட்டார்கள். வேறெங்கோ இரண்டு அறைகளுக்குள் போய்ப் படுப்பார்கள்.

இப்போது பார்க் எக்ஸ்ரென்சனின் மேற்கெல்லைக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். லக்காடி பெருந்தெருவின் ஓரமாக ஒரு கம்பிவேலி ஓடியது. பற்றைகள் மூடி வளர்ந்திருந்ததால் பலர் கவனித்ததில்லை. வேலிக்கு அப்பால் மவுண்ட் றோயல் நகரம். மலையைக் குடைந்து ரயில்பாதை போட்ட நிறுவனம் ஒன்று நூறாண்டுகளுக்கு முன்னர் திட்டமிட்டு உருவாக்கிய பூங்கா நகரம் அது. 1960இல் அந்நகரம் இந்த வேலியைப் போட்டது. போட்டதற்குப் பல காரணங்கள் கூறப்பட்டன. ஆனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்து மரநிழல் எட்டாதிருந்ததற்கு விளக்கம் தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு சாண் எல்லைக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய இனத்தில் பிறந்தவன் நான். வேலியின் மொழி எனக்குத் தெரியும். ஆனால் நமது கிடுகு வேலியில்கூட ஒரு பொட்டு இருக்கும். அயலட்டைப் பெண்கள் அதன் வழியாகக் கறிச்சட்டி கைமாற்றுவார்கள். அந்தக் கம்பிவேலியைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகள் இன்று இன்னொரு வேலிக்கு ஒப்பமிடுகிறார்கள். என் கோபத்தின் காரணம் இதுதான்.

"செறிவென்றால் மரம் இராது, அமைதி இராது" என்கிறீர்கள். பிளாட்டோவுக்குப் போய்ப் பாருங்கள். சுமார் 8 சதுர கிலோமீற்றரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் வட்டாரம் அது. கனடாவிலேயே மிகவும் செறிந்தவற்றுள் ஒன்று. ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் வண்ணக் கதவுகளையும் வளைந்த இரும்புப் படிகளையும் காட்டிப் படம் பிடிக்க நீங்கள் அவரை எங்கே அழைத்துச் செல்கிறீர்கள்? அங்கேதான். புறநகரில் உங்கள் சொந்தத் தெருவில் நிறுத்தி எவரும் படம் எடுத்ததை நான் பார்த்ததில்லை. எண்ணிக்கையில் பார்க் எக்ஸ்ரென்சன் பிளாட்டோவைவிடச் செறிந்தது என்பது உண்மை. ஆயினும் இரண்டுக்குமிடையே உள்ள பெரிய வித்தியாசம் தலைகளின் எண்ணிக்கை அன்று. ஓரிடத்தில் மரமும் பராமரிப்பும் கிடைத்தன, மற்ற இடத்தில் கிடைக்கவில்லை.

அந்த வீடுகளின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வீடுகள். முன்னால் ஒரு துண்டு நிலம் பசுமைக்காக விடப்பட்டது. படிக்கட்டை வெளியே வைத்ததனால் வீட்டுக்குள் இடம் மிச்சம், சூடேற்றும் செலவும் மிச்சம். மூன்றாம் மாடியில் இருப்பவருக்கும் தெருவைப் பார்த்துத் தனிக்கதவு உண்டு. முன்னால் ஒரு விறாந்தை, பின்னால் ஒரு விறாந்தை. முன்னும் பின்னும் யன்னல் இருப்பதால் ஜூலையில் காற்று வீட்டை ஊடறுத்துப் போகும். பின்புறத்தில் ஒழுங்கை. ஆம், நம்மூர் ஒழுங்கையேதான். மொன்றியலில் இப்படி 450 கிலோமீற்றருக்கும் அதிகமான ஒழுங்கைகள் உள்ளன. ஒருகாலத்தில் நிலக்கரி வண்டி வந்துபோன வழிகள். 1990கள் தொடக்கம் அயலவர்கள் கூடித் தாரைப் பெயர்த்துச் செடி நட்டு அவற்றுள் பலவற்றைப் பச்சை ஒழுங்கைகளாக்கிவிட்டார்கள். பிள்ளைகள் அங்கே ஹொக்கி விளையாடுகிறார்கள். சமையலறை யன்னலிலிருந்து தாய் கூப்பிட்டால் கேட்கும்.

குறையே இல்லையென்று சொல்லவில்லை. நடு அறை இருட்டாகத்தான் இருக்கும். பனிக்காலத்தில் அந்த இரும்புப் படி ஒரு சோதனை. ஒரு பெப்ரவரியில் நோயாளி ஒருவருக்கு நற்கருணை கொண்டு போகையில் மேற்படியிலிருந்து கீழ்ப்படி வரை நான் அமர்ந்தபடியே வந்து சேர்ந்தேன். நற்கருணைச் சிமிழுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் முழங்கால் இன்றும் காலநிலை சொல்கிறது. 1940களில் மாநகரமே இந்த வெளிப்படிகளைத் தடைசெய்தது. பல பத்தாண்டுகள் கழித்துத் தடையை நீக்கி, இப்போது அதையே தன் அடையாளமாக அஞ்சலட்டையில் போடுகிறது.

ஆகவே எது கட்டினாலும் நல்லது என்பதும் என் கட்சியன்று. கிறிஃபின்ரவுனைப் பாருங்கள். பழைய தொழிற்சாலை நிலத்தில் கோபுரம் கோபுரமாக எழுப்பினார்கள். வீடுகள் சிறிய கொண்டோக்கள். ஆயிரக்கணக்கானோர் குடிவந்த பிறகும் ஆண்டுக்கணக்காக அங்கே ஒரு பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளை பெற்றால் வெளியேறு என்று கட்டடமே சொல்லும் குடியிருப்பு அது. இன்றைய அடுக்குமாடிகள் பலவற்றில் நடுவே விடுதியைப்போல நீண்ட நடைவழி, இருபுறமும் கதவுகள். தீப்பாதுகாப்புக்கு இரண்டு படிக்கட்டுகள் வேண்டும் என்ற இந்நாட்டு விதியை மலிவாக நிறைவேற்றும் வழி அது. விளைவு, பெரும்பாலான வீடுகளுக்கு ஒரே பக்கத்தில்தான் யன்னல். காற்று புகும், போக வழியில்லை.

2018 ஜூலையின் வெப்பத்தை மறந்திருக்கமாட்டீர்கள். மொன்றியலில் மட்டும் 66 பேர் இறந்ததாகப் பொதுச் சுகாதாரத் துறை கணக்கிட்டது. பெரும்பாலோர் தங்கள் வீட்டிலேயே இறந்தார்கள். தனிமையில் வாழ்ந்த முதியோர் அவர்களுள் அதிகம். மரமில்லாத, தாரும் கல்லும் நிறைந்த பகுதிகளில் வாழ்ந்தோர் அதிகம். காற்றும் நிழலும் கதவைத் தட்டிக் கேட்க ஓர் அயலவரும் இருந்திருந்தால் என்று அந்த வாரம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. சில ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டாம் மாடியில் நமது குடும்பம் ஒன்றில் சாவு நேர்ந்தது. ஐம்பது அறுபதுபேர் வந்தார்கள். நிற்க இடமில்லை. நடைவழியில் வரிசையாய் நின்று செபமாலை சொன்னோம். பாதியில் காவலாளி வந்து முறைப்பாடு கிடைத்திருப்பதாகச் சொன்னார். அழுகையை அடக்கிக்கொண்டு கீழ்க்கூடத்துக்குப் போனால், அங்கேயும் நிற்கக்கூடாது என்றார்கள். சிங்கப்பூரில் மக்களில் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டினர் அரசு கட்டிய அடுக்குமாடிகளில்தான் வாழ்கிறார்கள். நம் தமிழரும் அப்படித்தான். அங்கே பழைய கட்டடங்கள் பலவற்றின் தரைத்தளத்தில் வீடு கட்டாமல் திறந்தவெளியாக விட்டிருக்கிறார்கள். திருமணம் அங்கே நடக்கும், சாவுச் சடங்கும் அங்கே நடக்கும்; மற்ற நாட்களில் கிழவர்கள் அமர்ந்து பேசுவார்கள். கட்டடத்தை வரைந்தவர் மனிதர் சாவார்கள் என்பதையும் நினைவில் வைத்திருந்தார்.

எதிர்ப்பே கூடாதா என்று கேட்பீர்கள். கூடும். 1960களின் இறுதியில் மில்ரன் பார்க்கின் பழைய வீடுகளை இடித்துக் கோபுரங்கள் எழுப்ப ஒரு நிறுவனம் திட்டமிட்டது. குடியிருந்தவர்கள் பத்தாண்டுகளுக்கு மேல் போராடினார்கள். ஒரு பகுதி இடிந்தது, கோபுரங்களும் எழுந்தன. மிச்சத்தைக் காப்பாற்றினார்கள், இன்று 600க்கும் மேற்பட்ட வீடுகள் கூட்டுறவுகளின் கையிலும் இலாபநோக்கற்ற அமைப்புகளின் கையிலும் உள்ளன, வாடகை எளியவர் கைக்கெட்டும் அளவில். அவர்கள் எதிர்த்தது வாழ்ந்துகொண்டிருந்த மக்களை வெளியேற்றுவதை. நீங்கள் எதிர்ப்பது வாழ வருகிறவர்களை. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

வீட்டு விலை விழும் என்கிறீர்கள். நான் பொருளியலாளன் அல்லன். ஆனால் திருமண ஆயத்த வகுப்புக்கு வரும் உங்கள் பிள்ளைகளிடம் எங்கே குடியிருப்பீர்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். தலையைக் குனிகிறார்கள். "வீடு வாங்க வழியில்லை ஃபாதர், வாடகையும் கட்டமுடியாது" என்கிறார்கள். அதே பிள்ளைகளின் பெற்றோர்தான் விலை விழக்கூடாது என்று மனுவில் ஒப்பமிடுகிறார்கள். பார்க் எக்ஸ்ரென்சனின் தெற்கே பல்கலைக்கழகத்தின் புதிய வளாகம் 2019இல் திறந்தபின் அங்கே வாடகை ஏறி, பழைய குடும்பங்கள் வெளியேறுவதைக் கண்ணாற் காண்கிறேன். ஒவ்வொரு ஜூலை முதலாம் திகதியும் யாராவது ஒருவரின் மெத்தையைத் தூக்க இளைஞர்களை அனுப்பச் சொல்லி எனக்கு அழைப்பு வருகிறது. வேறிடங்களில் வீடு கட்ட விடாததன் சுமையை அவர்கள்தாம் சுமக்கிறார்கள்.

வாகனத் தரிப்பைப் பற்றி ஒன்று மட்டும். ஒரு காரை நிறுத்தவும், அது வந்து திரும்பவும், ஏறத்தாழ 25 சதுர மீற்றர் தேவை. இரண்டு படுக்கையறைகளின் அளவு. மெற்றோவுக்குப் பக்கத்தில் காருக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டு மனிதருக்கு இடமில்லை என்கிறோம்.

பார்க் எக்ஸ்ரென்சனில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்து, மகன் வீடு வாங்கியதும் அவனோடு புறநகருக்குப் போன ஓர் அம்மா இருக்கிறார். முன்பு தினமும் காலைத் திருப்பலிக்கு நடந்து வருவார். திரும்பும் வழியில் மூன்று கடை, நான்கு வீடு, ஐந்து சண்டை. சென்ற தவக்காலத்தில் அவரைப் பார்க்கப் போனேன். இரண்டு கார் நிற்கும் வீடு, பின்னால் பெரிய வளவு. யன்னலுக்கருகே ஒரு கதிரை. "வீடு பெருசு சுவாமி, ஒரு குறையுமில்லை. மகன் ஆறு மணிக்குத்தான் வருவான். நடந்து போகத்தான் ஓரிடமும் இல்லை" என்றார். உங்கள் தெருமுனையில் அந்த ஆறு மாடி எழுந்து, கீழே ஒரு கடையும் இரண்டு வாங்கும் இருந்தால் அவர் எங்கே அமர்ந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

குருமடத்தில் நான் படித்த விவிலியத்தில் இதற்கு இடமிருக்கிறது. வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துச் சேர்த்து, கடைசியில் நாட்டில் தாம் மட்டுமே தனித்து வாழ்பவர்களுக்கு எசாயா ஐந்தாம் அதிகாரத்தில் ஐயோ கேடு என்கிறார். எருசலேமின் மதிலைக் கட்டி முடித்தபின் நெகேமியாவுக்கு வந்த கவலை வேறு: நகரம் அகன்றது, உள்ளே இருந்த மக்கள் சிலரே. ஆகவே சீட்டுப் போட்டுப் பத்துக்கு ஒருவரை நகருக்குள் குடியேற்றினார்கள். தாமாக முன்வந்து குடியேறியவர்களை மக்கள் வாழ்த்தினார்கள். புதிதாக வருபவரை எதிர்த்து மனு எழுதவில்லை. மீட்கப்பட்ட நகரத்தைச் செக்கரியா காட்டும்போது பொன்னையும் மணியையும் காட்டவில்லை. தெருவில் கோலூன்றி அமர்ந்திருக்கும் முதியோரையும், விளையாடும் சிறுவர் சிறுமியரையும் காட்டுகிறார். நகரம் வாழத் தகுந்ததா என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலில் வீட்டையும் போக்குவரத்தையும் அயலையும் பற்றி இத்தனை அக்கறையோடு எழுதியதும் இந்த வழியில்தான்.

நாம் நெருங்கி வாழத் தெரியாதவர்களும் அல்லர். வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருந்தவர்கள் உங்களில் எத்தனைபேர்? சந்தை, பள்ளிக்கூடம், கோவில், கடற்கரை எல்லாம் நடந்தே போனீர்கள். அந்நாட்களைப் பற்றி இன்றும் கண் மின்னப் பேசுகிறீர்கள். இங்கே அதே வாழ்வு மற்றவருக்கு வேண்டாம் என்கிறீர்கள்.

கியூபெக் சட்டத்தில் இத்தகைய மாற்றங்கள் பலவற்றுக்கு எதிராக அப்பகுதி வாக்காளர்கள் பதிவேட்டில் ஒப்பமிட்டு வாக்கெடுப்புக் கோரலாம். மனுவின் அடுத்த படி அதுதான் என்று சொன்னார்கள். உங்கள் உரிமை, நான் தடுக்க முடியாது. ஆனால் அதற்கு முன்னர் பொதுக் கருத்துக் கேட்கும் கூட்டம் ஒன்று நடக்கும். அங்கே போய் வேண்டாம் என்று சொல்வதற்குப் பதிலாக, இது வேண்டும் என்று கேளுங்கள். பாதி வீடுகளாவது மூன்று படுக்கையறையோடு, பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு ஏற்றதாய் இருக்கட்டும். இரு பக்கமும் யன்னல் வைக்கும்படி வரைபடத்தை மாற்றச் சொல்லுங்கள். வீடுகளுக்கிடையே ஒலித்தடை 50 என்பது ஆகக் குறைந்த அளவு மட்டுமே. அதற்குமேல் கேளுங்கள், மேல்வீட்டுப் பிள்ளை ஓடியாடட்டும், கீழ்வீட்டுக்காரரும் உறங்கட்டும். நிற்கும் மரங்களை வெட்டாமல் கட்டடத்தைச் சற்றே பின்தள்ளச் சொல்லுங்கள். ஒரு பங்கு வீடுகளைக் கூட்டுறவுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். கீழ்த்தளத்தில் அறுபதுபேர் கூடக்கூடிய ஒரு பொது அறை. எதற்கு என்று கேட்டால் சாவுக்கும் திருமணத்துக்கும் என்று கூசாமல் சொல்லுங்கள்.

இவற்றை ஒரு கடிதமாகப் பிரெஞ்சில் எழுதி வைத்திருக்கிறேன். நமது இளைஞர் இருவர் என் பிழைகளைத் திருத்தித் தந்தார்கள், பிழைகள் கொஞ்சமல்ல. வரும் ஞாயிறு வாசலில் மேசை போடப்படும். அதன்மேல் இருக்கப்போவது இந்தக் கடிதம். முதல் கையொப்பம் யன்னலருகே அமர்ந்திருக்கும் அந்த அம்மாவுடையது. நேற்று அவர் வீட்டுக்குப் போய் வாங்கி வந்தேன். கூட்டம் அடுத்த வியாழன் மாலை ஏழு மணிக்கு. ஆறு மணிக்கு நான் மெற்றோ வாசலில் நிற்பேன். மனுவில் ஒப்பமிட்ட நாற்பதுபேரும் வாருங்கள். என்னோடு சண்டை பிடிப்பதானாலும் வண்டிக்குள் வைத்துப் பிடிக்கலாம்.